முதல் கடல் தூண்டிலுக்கு முந்தைய நாள்

பிப்ரவரி பிறந்துவிட்டால் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு தனி வகை ஆட்கள் வரத் தொடங்குவார்கள். ஞாயிறு காலை பத்தரை மணிக்கு மேல், உப்புத்தண்ணீர் காய்ந்த சட்டையோடு, விரலில் தூண்டில் முள்ளோடு. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். சென்னையிலும் புதுச்சேரியிலும் வாடகைப் படகெடுத்துத் தூண்டில் போடப் போகும் பழக்கம் கூடியிருப்பது எங்கள் பதிவேட்டிலேயே தெரிகிறது.

சென்ற ஆண்டு வந்த ஓர் இளைஞருக்கு முப்பது வயதிருக்கும். முதல் பயணத்திலேயே ஒரு பாறை மீனைத் தூக்கிவிட்டார். அவர் போட்டது மீன் வடிவச் செயற்கை இரை. அதில் மும்முள் கொக்கிகள் இரண்டு. ஒன்று மீனின் வாயில் இருந்தது. மீன் துள்ளிய துள்ளலில் மற்றது அவருடைய கட்டைவிரல் அடிச்சதையில் ஏறிவிட்டது. கூட வந்தவர்கள் பதறிப்போய்க் குறடால் பிடித்து இழுத்திருக்கிறார்கள். முள்ளின் நுனிக்குக் கீழே, மீன் நழுவாமலிருக்க, சின்ன எதிர்முள் ஒன்று உண்டு. வந்த வழியே இழுத்தால் அது சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். நான் மரத்துப்போக ஊசி போட்டு, நுனியை முன்பக்கம் தள்ளித் தோலுக்கு வெளியே கொண்டுவந்து, எதிர்முள்ளை நறுக்கிவிட்டு மீதியைப் பின்வாங்கினேன். பத்து நிமிட வேலை. குறடு செய்த கிழிசல் ஆறத்தான் மூன்று வாரம் ஆனது.

"டெட்டனஸுக்கு டிடி ஊசி கடைசியா எப்ப போட்டீங்க, தம்பி?"

"பள்ளிக்கூடத்துல படிக்கிறப்ப, டாக்டர்."

எந்தக் கம்பு, எந்த ரீல், எத்தனை கிலோ தாங்கும் தூண்டில் நரம்பு என்று ஒரு மாதம் தேடித்தேடி வாங்கியிருந்தார். தன் உடம்பைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அந்த யோசனையைப் படகேறும் முந்தைய நாளே முடித்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தடவை படகை அரை நாளுக்கு மேல் வாடகை பேசாதீர்கள். நான்கு, ஐந்து மணி நேரம் போதும். முழு நாள் எடுத்தால் வாடகை கட்டுப்படியாகும் என்று சொல்வார்கள். உங்கள் உடம்பு அலையை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று தெரியாதபோது, அந்தச் சிக்கனம் வேண்டாம். இருள் பிரியுமுன் கிளம்பி, கடற்காற்று எழும்புமுன் கரை சேருவது நல்லது. நண்பகலை நெருங்க நெருங்கக் காற்றும் ஏறும், வெயிலும் ஏறும்.

எங்கள் பக்கம் ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை கடல் ஓரளவு அடங்கியிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாளைக் குறித்த பிறகும் வானத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேரை அலை கொண்டுபோனது. எங்கள் துறைப் பிள்ளைகள். எங்கோ தென்கோடிக் கடலில் கிளம்பிய அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் கரையேறும். கள்ளக்கடல் என்று சொல்வது இதைத்தான். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரத்தை முன்கூட்டியே வெளியிடுகிறது, வானிலைத் துறை மீனவர்களுக்கான எச்சரிக்கையைத் தருகிறது. இரண்டையும் முந்தைய மாலையும் கிளம்பும் முன்பும் பாருங்கள். படகோட்டி "இன்னிக்கு வேணாம்" என்றால் அதற்கு மேல் பேச்சு வேண்டாம்.

படகைப் பேசும்போது பயணிகளை ஏற்ற அனுமதி உண்டா என்று கேளுங்கள். மீன்பிடிப் பதிவு வேறு, பயணிகள் அனுமதி வேறு. தலைக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும், அதை மாட்டிக்கொண்டே போக வேண்டும். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆட்கள், யார் உடம்பிலும் ஜாக்கெட் இல்லை. கொஞ்ச தூரம் போனதும் கைப்பேசி செத்துவிடும், அதனால் படகில் விஎச்எஃப் ரேடியோ இருக்கிறதா என்று பாருங்கள். கரையில் இருக்கும் ஒருவரிடம் திரும்பும் நேரத்தையும் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

இனி குமட்டல். முதல் முறை போகிறவர்களின் காலையைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். படகு ஆடுவதைக் காது உணர்கிறது, கண்ணோ கையிலிருக்கும் தூண்டிலையோ கைப்பேசியையோ பார்த்து "அசைவில்லை" என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் வயிறு புரள்கிறது. மாத்திரை இருக்கிறது, ஆனால் வாந்தி தொடங்கிய பிறகு விழுங்கினால் அது உள்ளே தங்காது. கிளம்ப ஒரு மணி நேரம் முன்பாவது போட வேண்டும். தூக்கம் வரும், ஆகவே வீடு திரும்ப வேறொருவர் வண்டி ஓட்டட்டும். கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. இரவு மது வேண்டாம். வெறும் வயிறும் வேண்டாம், இரண்டு இட்லி சாப்பிடுங்கள். படகில் புகை வராத பக்கம், நடுவுக்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள்.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமெபிரைடோ எடுப்பவர் வாந்தியும் எடுத்தால், சாப்பிட்டது வெளியே போய் மருந்து மட்டும் உள்ளே வேலை செய்யும். சர்க்கரை இறங்கி மயங்கினால் கரை ஒரு மணி நேரம் தள்ளி இருக்கும். இதயநோய், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, வலிப்பு, கர்ப்பம் எதையும் படகோட்டியிடம் மறைக்காதீர்கள்.

முள் ஏறினால் தூண்டில் நரம்பை அறுத்து, இரையை அசையாமல் ஒட்டுப்போட்டு அப்படியே வாருங்கள். கண்ணில் என்றால் தொடவே கூடாது, மேலே ஒரு காகிதக் குவளையைக் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு வாருங்கள். கெளுத்தி முள் குத்தினால், தேநீருக்குக் கொண்டுபோன பிளாஸ்க் வெந்நீர்தான் மருந்து. குத்துப்படாத கை தாங்கும் சூட்டில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் முக்கி வைத்தால் வலி இறங்கும்.

மீன் கிடைத்தாலும் கவனம் வேண்டும். ஒரு ஞாயிறு இரவு ஒரே குடும்பத்தில் நான்கு பேர் முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியுமாக வந்தார்கள். மீன் ஒவ்வாமை என்று பயந்திருந்தார்கள். காலையில் பிடித்த சூரையை மதியம் வரை தளத்திலேயே வெயிலில் போட்டிருக்கிறார்கள். சூரை, கானாங்கத்தை போன்றவை சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் ஊறும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. பிடித்த கையோடு ஐஸில் புதையுங்கள். மீனின் எடைக்குச் சமமாகவாவது ஐஸ் வேண்டும்.

கட்டைவிரல் இளைஞர் இந்த ஜனவரியில் மறுபடி வந்தார், காயமில்லாமல். டிடி ஊசி போட்ட சீட்டைக் காட்டிவிட்டுக் கேட்டார்: "அப்பாவையும் கூட்டிட்டுப் போகலாமா, டாக்டர்? அறுபத்திரண்டு வயசு. சர்க்கரைக்கு மாத்திரை போடுறாங்க."

மருந்துச் சீட்டோடு அப்பாவை முதலில் அழைத்து வரச் சொன்னேன். வியாழக்கிழமை வருகிறார்கள்.