படங்கு கட்டிய இடுப்பு

நடந்தால் எடை குறையும் என்று நான் சொன்னதும் அந்த அம்மா சிரித்துவிட்டார். “முப்பது வருசமா மலை ஏறி எறங்குனவ நா. இன்னும் எங்க டொக்டர் நடக்கச் சொல்றீங்க?”

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். முழங்கால் வலி என்று கிளினிக் கொப்பியோடு வந்தவர். (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) எடை 71 கிலோ, உயரம் 150 சென்ரிமீற்றர். உடற்திணிவுச் சுட்டி (BMI, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 31க்கு மேல். நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 23ஐத் தாண்டும்போதே ஆபத்து கூடத் தொடங்கிவிடும்.

எனக்கென்னவோ இடுப்பை அளக்கும் நாடாவில்தான் நம்பிக்கை அதிகம். கொழுந்து பறிக்கும்போது படங்கு (உடையைக் காக்கச் சுற்றும் முரட்டுத் துணி) கட்டும் இடுப்புக்குச் சற்று மேலே, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் சீனி வியாதியும் பிரஷரும் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. அவருக்கு 96.

சரி, நடையை விட்டுவிட்டுச் சாப்பாட்டைக் கேட்டேன். செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாள் பதிவில், பேர் வெட்டி இரண்டு வருடம். மலையேற்றம் நின்றுவிட்டது, ரொட்டி நிற்கவில்லை. காலையில் மூன்று, இரவில் மூன்று, கோதுமை மாவில். தேத்தண்ணி நாளைக்கு ஆறு கோப்பை, கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி. பதினெட்டுக் கரண்டி! எண்பது கிராம் அளவில் வரும், கிட்டத்தட்ட 300 கலோரி. லயத்து வரிசை வீட்டுக் குளிருக்குச் சூடாக ஏதாவது வேண்டும்தான், அதை நான் குறை சொல்லவில்லை.

மருந்துக் கொப்பியையும் புரட்ட வேண்டும். இன்சுலின், சீனி வியாதிக்கான சில பழைய மாத்திரைகள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி ஆகியவற்றாலும் எடை ஏறலாம். அதற்காக நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், கேளுங்கள். எடையைக் குறைக்க வாரம் ஒருமுறை போடும் செமகுளுட்டைட் ஊசி நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் விலை தோட்டச் சம்பளத்துக்கு எட்டாது, நிறுத்தினால் எடையும் திரும்பி வரும். கடைகளில் விற்கும் ‘மெலிய வைக்கும்’ பவுடரைப் பற்றி என்னிடம் கேட்கவே வேண்டாம்.

இருபது கிலோ குறையுங்கள் என்று அவரிடம் சொல்லவில்லை. உள்ள எடையில் நூற்றுக்கு 5 பங்கு, அதாவது மூன்றரைக் கிலோ போனாலே சீனியும் பிரஷரும் இறங்கத் தொடங்கும், முழங்காலுக்கும் பாரம் குறையும். சீனிக்குப் பதில் இஞ்சி, இரவில் ஒரு ரொட்டி, மீதி இடத்துக்குப் பருப்பும் கீரையும். பேசி முடிவு செய்தது இவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்து 68. “இஞ்சித் தண்ணி பழகிருச்சு டொக்டர். மகன்தான் மொகத்தச் சுளிக்கிறான்.” அடுத்த கிளினிக்குக்கு அவனையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். நாள் முழுக்க ஆட்டோவில் உட்கார்ந்திருப்பவன்.