நீல வானமும் நிறுத்தப்பட்ட கப்பலும்: கிரேக்கத் தீவுகளுக்குக் கடல்வழி செல்வோர் அறிய வேண்டியவை

சில ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்ட் மாதத்தில் ஒரு காலை, கிரேக்க நாட்டின் சாண்டோரினித் தீவிலிருந்து எனக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மனைவி, மகன், மருமகள், இரண்டு பேரக் குழந்தைகள் என ஆறு பேராகச் சென்றிருந்தார். "தம்பி, இங்க வெயில் சுள்ளுன்னு அடிக்குது, வானத்துல பொட்டு மேகம் இல்ல. ஆனா கப்பல் போகாதுங்கறாங்க. ஏதாவது ஏமாத்து வேலையா இருக்குமோ?" என்று கேட்டார். "இல்லீங்க ஐயா, துறைமுகத்துல தடை போட்டிருக்காங்க. கப்பல்காரங்க நெனச்சாலும் கிளம்ப முடியாது" என்றேன். அன்றிரவு ஏதென்ஸிலிருந்து சென்னைக்கு அவர்களுக்கு விமானம். ஆறு இருக்கைகளும் வீணாயின. புதிதாக ஆறு பயணச்சீட்டுகளைக் கோடைக்கால உச்ச விலையில் வாங்க வேண்டியிருந்தது. கப்பல் வந்து சேரும் நாளிலேயே விமானம் ஏறும்படி அந்தத் திட்டத்தைப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். அதன் பிறகு எந்தக் குடும்பத்துக்கும் நான் அப்படித் திட்டமிட்டுத் தந்ததில்லை.

கடல் மூடப்படுவது என்றால் நமக்கு நினைவுக்கு வருவது கருத்த வானமும், கொட்டும் மழையும், துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டும்தான். அதனால்தான், கண்ணைக் கூசவைக்கும் வெயிலில், பளிங்கு போன்ற நீல வானத்தின் கீழ், கப்பல் நிறுத்தப்படும்போது நம்மவர்களால் நம்ப முடிவதில்லை. கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையிலுள்ள ஏஜியன் கடலில் கோடையில் வீசும் காற்றுக்கு மெல்டெமி என்று பெயர். அது வடக்கிலிருந்து வருவது. நம் கடற்கரை மக்களின் சொல்லில் சொன்னால் வாடை. நமக்கு வாடை பனிக்காலத்துக் காற்று; அவர்களுக்கோ அது ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் காற்று. பால்கன் நாடுகளின் மேல் நிற்கும் உயர் அழுத்தத்துக்கும், துருக்கியின் நிலப்பரப்பின் மேல் கோடையில் உருவாகும் தாழ் அழுத்தத்துக்கும் இடையே உள்ள வேறுபாடே அதை இழுத்து வருகிறது. அந்தத் தாழ் அழுத்தம், நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்றைக் கொண்டுவரும் ஆசியப் பெருந்தாழ்வழுத்தத்தின் மேற்கு நீட்சி என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. குற்றாலத்தில் சாரல் விழும் அதே வாரங்களில்தான் அங்கே மெல்டெமியும் முழு வேகத்தில் வீசுகிறது.

இந்தக் காற்றில் மழை இல்லை, இடி இல்லை. ஒருமுறை எழுந்தால் இரண்டு மூன்று நாள், சில வேளைகளில் ஒரு வாரத்துக்கும் மேல் நீடிக்கும். காற்றின் வலிமையைக் குறிக்கும் போஃபோர்ட் அளவுகோலில் 6 என்றால் 22 முதல் 27 நாட் வேகம் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). 8 என்றால் 34 முதல் 40 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 62 முதல் 74 கிலோமீட்டர். இந்த எண்ணைப் பார்த்துத்தான் கிரேக்கக் கடலோரக் காவல் படையின் துறைமுக அதிகாரிகள் கப்பல்களுக்குத் தடை விதிக்கிறார்கள். அந்தக் கண்டிப்புக்குப் பின்னால் பெரிய துயரம் இருக்கிறது. 1966 டிசம்பர் 8 அன்று கிரீட் தீவிலிருந்து ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்துக்குப் புயலில் வந்துகொண்டிருந்த 'ஹெராக்லியோன்' என்ற கப்பலின் அடித்தளத்தில், சரியாகக் கட்டப்படாத குளிர்பதன லாரி ஒன்று உருண்டு பக்கக் கதவை இடித்துத் திறந்துவிட்டது. தண்ணீர் புகுந்து கப்பல் மூழ்கியதில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதை அறிந்த பிறகு, தடை அறிவிப்பைக் கேட்டு எரிச்சல்படும் எந்தப் பயணியிடமும் நான் பொறுமையாகவே பேசுகிறேன். நிறுத்திய கப்பலால் இழப்பது பணம் மட்டுமே.

எல்லாக் கப்பலும் ஒரே நேரத்தில் நிற்பதில்லை என்பதைப் பயணச்சீட்டு வாங்கும்போதே நினைவில் வைக்க வேண்டும். சிறிய அதிவேகக் கப்பல்கள்தாம் முதலில் நிறுத்தப்படும். கார், லாரி, பேருந்து எல்லாவற்றையும் ஏற்றிச் செல்லும் பெரிய வழக்கமான ஃபெர்ரிகள் பெரும்பாலும் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். பிரேயஸிலிருந்து சாண்டோரினிக்கு அதிவேகக் கப்பல் சுமார் 5 மணி நேரத்திலும், பெரிய ஃபெர்ரி சுமார் 8 மணி நேரத்திலும் செல்கின்றன. விலையும் அதிவேகத்தில் அதிகம். மூன்று மணி நேரம் மிச்சம் என்று பார்ப்பவர்கள், அந்தக் கப்பலில் வெளித்தளம் பெரும்பாலும் இராது என்பதையும், மூடிய கூடத்தில் இருக்கையில் உட்கார்ந்தபடியே அலையைத் தாங்க வேண்டும் என்பதையும் கணக்கில் எடுப்பதில்லை. வயதானவர்களும் குழந்தைகளும் உடன் வருகிறார்கள் என்றால் நான் தயங்காமல் பெரிய ஃபெர்ரியையே சொல்வேன். மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு, தீவு ஒவ்வொன்றாகக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு செல்லும் அந்த எட்டு மணி நேரமே விடுமுறையின் ஒரு பகுதிதான்.

தீவுகளின் வரிசையை அமைப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. பெரும்பாலானோர் ஏதென்ஸில் இறங்கி, அருகில் உள்ள தீவில் தொடங்கி, ஒவ்வொன்றாகத் தெற்கே போய், சாண்டோரினியில் பயணத்தை முடித்துக்கொள்ள விரும்புகிறார்கள். சூரியன் மறையும் காட்சி கடைசியில் வர வேண்டும் என்பது அவர்கள் ஆசை. நான் அதைத் தலைகீழாகப் போடச் சொல்கிறேன். தொலைவில் உள்ள தீவை முதலில் பார்த்துவிட்டு, படிப்படியாகத் தலைநகரை நோக்கி நெருங்கி வர வேண்டும். இடையில் ஒரு நாள் கப்பல் நின்றாலும் ஓட்டல் தேதிகளை நகர்த்திச் சமாளிக்கலாம். கடைசி நாளில் நின்றால் சமாளிக்க வழியே இல்லை. விமானத்துக்கு முந்தைய முழு இரவாவது ஏதென்ஸ் நகரில் தங்கும்படி இருக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் என்றால் இரண்டு இரவுகள் வைத்துக்கொள்வது நல்லது. அதே போல, ஒரு வாரத்தில் நான்கு தீவுகள் என்று கேட்பவர்களிடம் இரண்டு போதும் என்று மன்றாடுகிறேன். ஒவ்வொரு கப்பல் மாற்றமும் அரை நாளைத் தின்றுவிடும் என்பதோடு, காற்றுக்கு நாம் கொடுக்கும் ஒரு வாய்ப்பும் ஆகும்.

கடற்கரைக்காகவே போகிறோம் என்பவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாண்டோரினி எரிமலை வாயின் விளிம்பில் அமைந்த தீவு. படங்களில் பார்க்கும் வெள்ளை வீடுகள் செங்குத்தான பாறையின் உச்சியில் இருக்கின்றன, கடல் வெகு கீழே கிடக்கிறது. பெரிஸ்ஸா, கமாரி ஆகிய கடற்கரைகளில் கரிய எரிமலை மணலும் கூழாங்கற்களும்தான். நண்பகலில் வெறுங்காலை வைக்க முடியாது. குழந்தைகள் மணலில் விளையாட வேண்டும் என்றால் நாக்சோஸ் தீவில் ஆயியோஸ் புரோகோப்பியோஸ், ஆயியா அன்னா, பிளாக்கா என்று அடுத்தடுத்து நீளும் மணற்கரைகளே பொருத்தமானவை. சாண்டோரினியில் இரண்டு இரவு, நாக்சோஸில் நான்கு இரவு என்பதே குடும்பங்களுக்கு நான் பெரிதும் பரிந்துரைக்கும் கணக்கு.

எந்த மாதம் என்பதில் நமக்கு இயல்பாகவே ஒரு வசதி உண்டு. நம் பள்ளி விடுமுறை மே மாதத்தில் வருகிறது. அப்போது மெல்டெமி இன்னும் முழுதாக எழுந்திருக்காது. கடல் நீர் சற்றுக் குளிராக இருக்கும் என்பது மட்டுமே குறை. விடுமுறைக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்குச் செப்டம்பர் பிற்பகுதி இன்னும் சிறந்தது. கோடை முழுவதும் சூடேறிய நீர் அப்போதும் இதமாகவே இருக்கும். ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அன்று மாதா விண்ணேற்புத் திருநாள். டினோஸ் தீவின் மாதா கோயிலுக்குக் கிரேக்க நாடெங்கிலுமிருந்து பக்தர்கள் கப்பல் கப்பலாக வருகிறார்கள், பலர் துறையிலிருந்து கோயில் வரை முழங்காலிட்டே செல்கிறார்கள். வேளாங்கண்ணியில் செப்டம்பர் திருவிழாவைக் கண்டவர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. ஆனால் கப்பலில் இடம் கிடைப்பது பெரும்பாடு.

பிரேயஸ் துறைமுகத்துக்கு விமான நிலையத்திலிருந்து மெட்ரோ மூன்றாம் தடத்தில் நேராகவே வந்துவிடலாம். 2022 முதல் இந்த வசதி உள்ளது, சுமார் ஒரு மணி நேரம் ஆகும். எக்ஸ் 96 பேருந்து இரவு பகலாக ஓடுகிறது. துறைமுகத்தின் வாயில்கள் இ1 முதல் இ12 வரை எண்ணிடப்பட்டு, வளைந்த கரை நெடுகப் பரந்து கிடக்கின்றன. இ1 வாயில் மெட்ரோ நிலையத்திலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கக் கூடிய தொலைவில் இல்லை. எந்த வாயில் என்பதை முதல் நாளே உறுதி செய்துகொண்டு, ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விட வேண்டும்.

தீவில் இறங்குவது எப்படி என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கப்பல் நாக்சோஸ் துறைக்குள் நுழைந்ததும் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். உடனே எல்லோரும் படியிறங்கி வாகனத் தளத்துக்குப் போய்விட வேண்டும். அங்கே டீசல் புகை நெடி, லாரிகளின் உறுமல், காலடியில் தடுக்கும் சங்கிலிகள், ஓரத்தில் தீவின் பெயர் எழுதிய இரும்புத் தட்டுகளில் அடுக்கிய பெட்டிகள். கப்பல் பின்னோக்கி வந்துகொண்டிருக்கும்போதே பின்புறச் சாய்தளம் மெல்ல இறங்கும்; இருட்டுக்குள் ஒரு கீற்றாக வெயில் பாயும், பிறகு துறையும் அதில் காத்திருக்கும் கூட்டமும் தெரியும். சில நிமிடங்களில் இறங்குவோர் இறங்கி, ஏறுவோர் ஏறி, கப்பல் கிளம்பிவிடும். மேல்தளத்தில் தூங்கிப்போன தாத்தாவை எழுப்பப் போன பேரன் அவரோடு அடுத்த தீவுக்கே சென்றுவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு ஒரு பெட்டி, அதுவும் தானே தூக்கக் கூடிய எடையில் என்பது இந்தப் பயணத்துக்கு மாற்ற முடியாத விதி.

குமட்டல் வரக் கூடியவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கூடியவரை கீழ்த்தளத்தில் இடம் பிடிக்க வேண்டும். அங்கேதான் ஆட்டம் குறைவு. கைப்பேசியைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பார்ப்பது உதவும். மாத்திரை எடுப்பதானால் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கி வைத்து, ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு போடும் மாத்திரை வயிற்றில் தங்காது. இரத்த அழுத்தம், கண் அழுத்தம், புராஸ்டேட் தொல்லை உள்ள முதியவர்களுக்கு இவ்வகை மாத்திரைகள் சில ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால், இதில் கடைக்காரரின் யோசனை போதாது.

கிரேக்கம் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறையக் கூடாது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். காற்றுக்காக ஒதுக்கிய நாட்களையும் சேர்த்தே தங்கும் நாட்களைக் கேளுங்கள். விசாவில் அச்சிட்ட தேதி நீண்டிருந்தாலும், தங்கும் நாட்களின் எண்ணிக்கை தனியே கணக்கிடப்படும். இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று உண்டு. ரோட்ஸ், கோஸ், சாமோஸ் தீவுகளிலிருந்து துருக்கிக் கரை கண்ணுக்குத் தெரியும். கோஸிலிருந்து போட்ரும் நகருக்குப் படகில் ஒரு நாள் போய்வரலாம் என்று விளம்பரம் வைத்திருப்பார்கள். துருக்கி ஷெங்கன் நாடு அன்று. ஒருமுறை நுழையும் விசா வைத்திருப்பவர் அந்தப் படகில் ஏறிவிட்டால் அவருடைய விசா அத்துடன் முடிந்தது. பெட்டி ஓட்டலில் இருந்தாலும் திரும்பி நுழைய முடியாது. இடையில் துருக்கித் துறைமுகத்தில் நிற்கும் உல்லாசக் கப்பல் பயணங்களுக்கும் இதுவே பொருந்தும். பலமுறை நுழையும் விசா கையில் இல்லாமல் அந்தப் பயணச்சீட்டை வாங்க வேண்டாம்.

கப்பல் ரத்தானால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 எண் ஒழுங்குமுறைப்படி, முழுப் பணத்தையும் திரும்பப் பெறுவதா, அடுத்த கப்பலில் செல்வதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பயணிக்கு உண்டு. கடலின் நிலையால் ரத்தாகும்போது இழப்பீடு கிடையாது, இரவு தங்கும் செலவையும் கேட்க முடியாது. பயணச்சீட்டுப் பணம் மட்டும் எந்நிலையிலும் உங்களுடையது. அதை விட்டுக்கொடுக்காதீர்கள். தவறிப்போன விமானத்துக்குக் கப்பல் நிறுவனம் பொறுப்பேற்காது. விசாவுக்காக வாங்கும் மிகக் குறைந்த விலைக் காப்பீடு மருத்துவச் செலவோடு நின்றுவிடும். இணைப்புப் பயணம் தவறினால் ஈடு உண்டா, அதில் வானிலைக் காரணம் அடங்குமா என்று பத்திரத்தைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

காற்று அடிக்கும் நாளில் கடற்கரையைத் தேர்ந்தெடுப்பதிலும் எச்சரிக்கை தேவை. வடக்கு நோக்கிய கரைகளில் அலை புரளும். அதைக் கண்டு எவரும் இறங்க மாட்டார்கள். தெற்கு நோக்கிய கரைகளில் நீர் கண்ணாடிபோல் கிடக்கும், அங்கேதான் ஆபத்து. காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். காற்றடைத்த மெத்தையிலோ வளையத்திலோ மிதக்கும் குழந்தை, பெற்றோர் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆழத்துக்குப் போய்விடும். மெல்டெமி வீசும் நாட்களில் அந்த மிதவைகளை அறையிலேயே விட்டுச் செல்லுங்கள்.

அந்தத் தலைமையாசிரியர் மூன்று ஆண்டுகள் கழித்து மீண்டும் என்னிடம் வந்தார். இம்முறை கணவனும் மனைவியும் மட்டும், மே மாதக் கடைசியில். சாண்டோரினியில் தொடங்கி, நாக்சோஸ் வழியாகப் பிரேயஸுக்கு வந்து, விமானத்துக்கு முந்தைய இரண்டு இரவுகள் ஏதென்ஸின் கடலோரப் புறநகரான கிளிஃபாடாவில் தங்கினார்கள். காற்று எழவில்லை, எந்தக் கப்பலும் நிற்கவில்லை. மிச்சமான அந்த நாளில் மனைவி காலையும் மாலையும் கடலில் கால் நனைத்துக்கொண்டு நடந்ததாக அவர் சொன்னார்.