'இலக்கணப் பள்ளி' என்றொரு பள்ளி கிடையாது

லண்டனின் ஹேக்னி டவுன்ஸ் பள்ளி மூடப்பட்ட கதையைத் தமிழில் படித்தேன். 'இலக்கணப் பள்ளியாக இருந்து, பின்னர் விரிவான பள்ளியாக மாறியது' என்று ஒரு வரி. பத்தாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகளிடம் காட்டினேன். "நன்னூல் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்துல புதுசா கட்டடம் கட்டினாங்களா சித்தப்பா?" என்றாள். அவள்மேல் தப்பில்லை. அந்த வரி அப்படித்தான் சொல்கிறது.

ஆங்கிலத்தில் அது 'கிராமர் ஸ்கூல்'; 'விரிவான பள்ளி' என்று எழுதியது 'காம்ப்ரிஹென்சிவ் ஸ்கூல்'. கிரேக்கத்தில் 'கிரம்மா' என்றால் எழுத்து. இடைக்கால இங்கிலாந்தில் லத்தீன் கற்பித்த பள்ளிகள் 'கிராமர் ஸ்கூல்' ஆயின. வேர் அவ்வளவுதான்.

ஆனால் 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பெயருக்கு வேறு பொருள். பதினோரு வயதில் நடக்கும் 'லெவன் பிளஸ்' தேர்வில் தேறிய பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொள்ளும் உயர்நிலைப் பள்ளி அது. தேறாதவர்களில் பெரும்பாலோர் 'செகண்டரி மாடர்ன்' பள்ளிக்குப் போனார்கள். பெயரின் உயிர் பாடத்தில் இல்லை, பள்ளி வாசலில் இருக்கிறது. இப்படிப் பிரிப்பதைக் கைவிடும்படி 1965இல் தொழிற்கட்சி அரசு சுற்றறிக்கை அனுப்பியது. எல்லாரையும் சேர்க்கும் 'காம்ப்ரிஹென்சிவ்' பள்ளிகள் பெருகின.

1876இல் குரோசர்ஸ் கம்பெனி என்ற பழைய வணிகர் சங்கம் தொடங்கியது ஹேக்னி டவுன்ஸ். (இதை 'மளிகைக் கடை நிறுவனம்' என்று எழுதியிருந்தார்கள்! மிளகு மொத்த வணிகர்களின் வழிவந்த சங்கம் அது.) நாடக ஆசிரியர் ஹரால்ட் பின்டர் அங்கே கிராமர் பள்ளிக் காலத்தில் படித்தார். பிறகு அதுவும் காம்ப்ரிஹென்சிவ் ஆனது. 1995இல் அரசு அனுப்பிய குழு மூடச் சொன்னது. அந்த டிசம்பரிலேயே மூடிவிட்டார்கள். வீழ்ச்சிக்குக் காரணம் சேர்க்கை முறை மாறியதா, வட்டாரத்தின் வறுமையா, நிர்வாகமா? இந்தக் கதையின் முதல் கேள்வியையே 'இலக்கணப் பள்ளி' என்ற சொல் விழுங்கிவிடுகிறது.

'தேர்வுப் பள்ளி' என்கிறார் ஒரு நண்பர். தமிழ்நாட்டில் தேர்வு என்றால் முதலில் பரீட்சைதான்; தேர்வு மையம் என்று நினைப்பார்கள். 'தெரிவுப் பள்ளி' என்பதே என் பரிந்துரை. ஈழத்தில் 'தெரிவு' அன்றாடச் சொல். தமிழ்நாட்டாருக்கும் அந்நியமில்லை, ஆராய்ந்து தேர்வதைக் குறள் 'தெரிந்து தெளிதல்' என்று தனி அதிகாரமாகவே பேசுகிறது. காம்ப்ரிஹென்சிவுக்கு 'அனைவர் பள்ளி' போதும். 'பொதுப் பள்ளி' கூடவே கூடாது. இங்கிலாந்தில் 'பப்ளிக் ஸ்கூல்' என்பது ஈட்டன் போலப் பெருங்கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி. அதையும் 'பொதுப் பள்ளி' என்றே எழுதிக் குழப்பி வைத்திருக்கிறோம்.

அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போவது மொழிபெயர்ப்பு ஆகாது. அந்தப் பள்ளியில் யார் சேரலாம், யார் பணம் கட்டுகிறார்கள் என்று ஒரு நிமிடம் விசாரித்தால் சொல் தானாக வரும். 1998 சட்டப்படி இங்கிலாந்தில் புதிய கிராமர் பள்ளி தொடங்க முடியாது, ஆனாலும் 163 பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. அவற்றைப் பற்றிய செய்தி அடுத்த முறை தமிழில் வரும்போது 'தெரிவுப் பள்ளி' என்று எழுதுங்கள்.