முதுகைக் காட்டி ஓடிப் பிடித்த பந்து

1954 செப்டம்பர் 29. நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் பேஸ்பால் உலகத் தொடரின் முதல் ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸ், ஸ்கோர் 2-2. ரன் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய பேஸ்களில் முதல் இரண்டிலும் எதிரணியான கிளீவ்லாந்து ஆட்கள் நிற்கிறார்கள். கிளீவ்லாந்தின் விக் வெர்ட்ஸ் ஓங்கி அடித்த பந்து மைதானத்தின் பின்கோடிக்குப் பறக்கிறது. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காக மைதானத்தின் நடுப் பின்பகுதியைக் காக்கும் சென்டர் ஃபீல்டர் வில்லி மேய்ஸ், 23 வயது இளைஞர், பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறார். மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து ஏறத்தாழ 420 அடி தூரத்தில், தோளுக்கு மேலாக வந்த பந்து அவர் கையுறைக்குள் அடங்குகிறது. திரும்பிய வேகத்தில் தொப்பி கழன்று விழ, பந்தை உள்ளே வீசிவிடுகிறார். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததே இல்லை.

பந்து எங்கே விழும் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது?

மூளை கணக்குப் போடுகிறது என்று சொல்லத் தோன்றும். ஆனால் கணக்கு அவ்வளவு லேசு இல்லை. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில், 45 பாகைச் சாய்வில் கிளம்பும் பந்து, காற்றே இல்லாவிட்டால் 200 மீட்டரைத் தாண்டிப் போய் விழும். நிஜத்தில் அதே வேகத்தில் அடித்த பந்து 120 மீட்டர் போனாலே பெரிய அடி. மீதியைக் காற்று தின்றுவிடுகிறது. அப்புறம், பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே போனால் அந்தச் சுழற்சி அதைக் கொஞ்சம் மேலே தாங்கிப் பிடிக்கும். இத்தனையையும் ஐந்தாறு நொடிக்குள் கணக்கிட்டு, விழும் இடத்தைக் குறித்துக்கொண்டு ஓட யாரால் முடியும்?

1968-இல் செவில் சாப்மன் என்ற இயற்பியலாளர் இதற்கு ஓர் அழகான விடை சொன்னார். உங்கள் கண்ணுக்கு முன்னால் ஒரு கண்ணாடிப் பலகை செங்குத்தாக நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பந்து கண்ணாடியில் எந்த இடத்தில் தெரிகிறதோ அங்கே ஒரு புள்ளி. நீங்கள் நிற்கும் இடத்திலேயே பந்து வந்து விழப்போகிறது என்றால், அந்தப் புள்ளி ஒரே சீரான வேகத்தில் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். பந்து மேலே போகும்போதும் சரி, இறங்கும்போதும் சரி, புள்ளி ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஏற்றத்தின் வேகம் கூடினால் பந்து தலைக்கு மேலே போகப்போகிறது, பின்னால் ஓட வேண்டும். வேகம் குறைந்தால் முன்னாலேயே விழப்போகிறது, முன்னால் ஓட வேண்டும். புள்ளியின் ஏற்றத்தைச் சீராக வைத்துக்கொண்டு ஓடினால் போதும், பந்தும் கையும் ஒரே இடத்துக்கு வந்து சேரும்.

சாப்மனின் கணக்கில் காற்று இல்லை. ஆனால் விதி காற்றிலும் வேலை செய்கிறது. ஏனென்றால் ஃபீல்டர் முன்கூட்டியே ஓர் இடத்தை முடிவு செய்வதில்லை. காற்று பந்தை இழுத்தால் புள்ளியின் வேகம் மாறும், அதற்கேற்ப அவர் ஓட்டமும் மாறும். தவறு நேர நேரத் திருத்தமும் நடக்கிறது. என் மனதைக் கவர்ந்தது இதுதான்.

பந்து பக்கவாட்டில் போனால்? 1995-இல் மெக்பீத், ஷாஃபர், கைசர் மூவரும் இன்னொரு விளக்கம் தந்தார்கள்: பந்தின் பாதை கண்ணுக்கு வளையாமல் நேர்கோடாகத் தெரியும்படி ஃபீல்டர் ஓடுகிறார் என்று. ஃபிரிஸ்பியைத் துரத்தும் நாய்களும் இப்படித்தான் ஓடுகின்றன என்று பின்னால் ஷாஃபர் குழுவினர் கண்டார்கள். ஆச்சரியம் என்னவென்றால், நேராக நம்மை நோக்கி வரும் பந்துதான் கடினம். பக்கவாட்டு அசைவே இல்லாததால் தூரத்தை எடைபோடத் துப்பு குறைவு.

சரி, இதெல்லாம் கண் பந்தின் மேல் இருக்கும்வரைதான். மேய்ஸ் முதுகைக் காட்டி அல்லவா ஓடினார்?

அங்கேதான் அனுபவம் வருகிறது. கண்ணை எடுத்துவிட்டு ஓடுகிறவர் முதல் நொடியில் பார்த்ததை வைத்து விழும் இடத்தை ஏறக்குறைய ஊகித்தாக வேண்டும். பந்து வீசும் பிட்சர் என்ன வீசினார், மட்டை எப்படிச் சுழன்றது, பந்து எந்தச் சாய்வில் கிளம்பியது. சத்தமும் துப்புதான். நன்றாகப் பட்ட பந்தின் ஓசையே வேறு. 90 மீட்டர் தள்ளி நிற்பவரின் காதுக்கு அது கால் நொடியில் எட்டிவிடும். மேய்ஸ் 1948-இலேயே, பள்ளிப் பருவத்தில், பர்மிங்காம் பிளாக் பேரன்ஸ் அணிக்கு ஆடத் தொடங்கியவர். பின்னாளில் சிறந்த ஃபீல்டிங்குக்கான தங்கக் கையுறை விருதுகள் 12. 7,000-க்கும் மேற்பட்ட கேட்சுகள்.

ஆனாலும் எல்லாம் தொடங்குவது கண்ணில்தான். 1973 உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டம், ஓக்லாந்து. மெட்ஸ் அணியில் 42 வயது மேய்ஸ். ஒன்பதாவது இன்னிங்ஸில் அவர் பக்கம் வந்த பந்து வெயிலில் மறைந்துபோனது. தடுமாறி விழுந்தார், பந்து தரையில். பார்த்தவர்களுக்கு மனது கேட்கவில்லை. ஆட்டம் சமநிலையாகி 12-ஆவது இன்னிங்ஸ்வரை நீண்டது. அதில் மெட்ஸை முன்னிலைக்குக் கொண்டுபோன ரன்னை அடித்துக் கொடுத்தவரும் மேய்ஸ்தான். அதுவே அவருடைய கடைசி ஹிட்.