காசு வாங்கினால் உரிமை போய்விடுமா?

"கட்டுரைக்குப் பணம் வாங்கிட்டேன் சார், இனி அது அவங்களோடதுதானே?" கவின்கலைக் கல்லூரியில் படித்துவிட்டு, கோயில் சுவரோவியம், கண்காட்சி என்று பத்திரிகைகளுக்கு எழுதும் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்கள் விடாமல் கேட்கும் கேள்வி. எழுதிய தொடர் சொல்லாமல் கொள்ளாமல் புத்தகமாகிக் கடைக்கு வந்த பிறகுதான் வக்கீலைத் தேடுகிறார்கள்.

போகாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவரே முதல் உரிமையாளர். சம்பள வேலையின் பகுதியாக எழுதினால்தான் கணக்கு மாறும். உங்களுக்கு பிஎஃப் இல்லை, விடுப்பு இல்லை, போனஸ் இல்லை. கஷ்டத்துக்கு மட்டும் வெளியாள், உரிமை என்றால் மட்டும் ஊழியரா? பணம் கொடுத்தவருக்குக் கிடைத்தது, பேசிய இடத்தில் பேசியபடி வெளியிடும் அனுமதி. அவ்வளவுதான்.

உரிமை கைமாற எழுத்தில் வேண்டும், உங்கள் கையெழுத்தும் வேண்டும். பிரிவு 19 அதைத்தான் சொல்கிறது. எந்தப் படைப்பு, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நாடு, என்ன தொகை என்று அதில் இருக்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு, இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை 1 ஆண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை, அது காலாவதி. போனில் சொன்ன 'ஓகே' எதையும் மாற்றாது. தயவுசெய்து அதை நினைத்துப் புலம்பாதீர்கள்.

வரையவும் தெரிந்தவர்கள் மாட்டுவது வேறு இடத்தில். ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து வரையவைத்த ஓவியத்துக்கும் எடுக்கவைத்த புகைப்படத்துக்கும் பிரிவு 17 தலைகீழ்: மாற்று ஒப்பந்தம் இல்லையென்றால் கேட்டவரே முதல் உரிமையாளர். ஒரே இன்வாய்ஸில் 'கட்டுரை + படங்கள்' என்று போட்டால் எழுத்து உங்களுடையது, படம் அவர்களுடையது என்றாகிவிடலாம். கோட்டோவியம் இதில் சேருமா என்று வாதாடலாம்தான், வாதாடும் செலவு உங்களுடையது. அதனால் தூரிகையைத் தொடும் முன்பே, படங்களின் உரிமை உங்களிடமே இருக்கும் என்று எழுதி அனுப்பி, சம்மதத்தை எழுத்திலேயே வாங்குங்கள். வேலை முடிந்தபின் இன்வாய்ஸின் அடியில் எழுதுவது ஒப்பந்தம் ஆகாது.

'அனைத்து உரிமைகளும், உலகெங்கும், நிரந்தரமாக' என்ற வரியைப் பார்த்தால் அடியுங்கள். 'தமிழில், இணையத்தில், முதல் வெளியீடு மட்டும். முழுத்தொகை வந்த பிறகே வெளியிட அனுமதி' என்று திருத்தி அனுப்புங்கள். மறுத்தால் தொகையைக் கூட்டிக் கேளுங்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்தாலும் ஆசிரியர் நானே என்று கோரும் உரிமை பிரிவு 57-இன்படி உங்களிடமே இருக்கும்.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயம் இல்லை. வழக்கில் சாட்சியமாக உதவும். தனக்குத்தானே பதிவுத் தபால் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பது பதிவுக்கு ஈடாகாது. யோசனைக்குப் பதிப்புரிமையே கிடையாது, எழுதியதற்குத்தான். போனில் கதையளக்காமல் சுருக்கத்தை எழுதி மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

திருட்டு கண்ணில் பட்டால் உடனே ஃபேஸ்புக்கில் கொட்டாதீர்கள். அவர்கள் நீக்கிவிட்டால் சாட்சியம் போச்சு. முதலில் முகவரியும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட். அதை நீதிமன்றம் ஏற்க, எந்தக் கருவியில் எப்படி எடுத்தது என்று சொல்லும் சான்றிதழ் வேண்டும் (சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம், பிரிவு 63) என்பதால், எடுத்த கைப்பேசியை விற்றுவிடாதீர்கள். புத்தகமாக வந்திருந்தால் ஒரு பிரதியைப் பில்லோடு வாங்குங்கள். வக்கீல் நோட்டீஸ் அதற்குப் பிறகு.