வெப்அசெம்பிளி: சொல்லும் பொருளும்

சி, சி++ போன்ற மொழிகளில் எழுதிய நிரல்களை உலாவியில் ஓட்ட உதவும் கட்டளை வடிவம் வெப்அசெம்பிளி. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'அசெம்பிளி' என்ற சொல்லுக்கு அகராதியில் சபை, கூட்டம் என்றுதான் முதலில் பொருள் வரும். அதை நம்பி 'வலைச்சபை' என்று எழுதிவிடக் கூடாது. கணினித் துறையில் இச்சொல்லின் வேர் ஒன்றுசேர்த்தல். 1951-இல் கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினியைப் பற்றி எழுதிய வில்க்ஸ், வீலர், கில் மூவரும், தனித்தனித் துணைநிரல்களை ஒரே நிரலாகக் கோப்பதையே அப்படிக் குறித்தார்கள். பிறகு, எண்களாக இருக்கும் பொறிக் கட்டளைகளைக் குறுஞ்சொற்களால் எழுதும் மொழிக்கு அந்தப் பெயர் நிலைத்தது. 'ஒருங்குசேர்ப்பு மொழி' என்பது அந்த வேரை ஒட்டிய நல்ல ஆக்கம்.

உலாவிக்குள் இப்பெயர் வந்த வழி வேறு. சி, சி++ நிரல்களை உலாவியில் ஓட்டுவதற்காக, ஜாவாஸ்கிரிப்ட்டின் ஒரு சிறு பகுதியை மட்டும் வரையறுத்து 2013-இல் பயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா 'ஏஎஸ்எம்.ஜேஎஸ்' கொண்டுவந்தது. 'ஏஎஸ்எம்' என்பது அசெம்பிளியின் சுருக்கம். அதன் அடுத்த படிதான் 2015-இல் அறிவிக்கப்பட்ட வெப்அசெம்பிளி. 2017-க்குள் முக்கிய உலாவிகள் நான்கும் ஏற்றன. 2019 டிசம்பரில், வலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி-யின் தரமானது. இந்த மரபு கோப்பிலேயே பதிந்திருக்கிறது. எந்த வெப்அசெம்பிளிக் கோப்பைத் திறந்தாலும் முதல் நான்கு பைட்டுகள் 0, 97, 115, 109. கடைசி மூன்றையும் எழுத்துகளாகப் படித்தால் 'ஏஎஸ்எம்'!

இரண்டு முழு எண்களைக் கூட்டித் தரும் சி மொழி நிரல்பகுதி (சார்பு) ஒன்றைத் தொகுத்தால், அதாவது வெப்அசெம்பிளிக் கட்டளைகளாக மாற்றினால், அதன் உடல் இப்படிச் சுருங்கிவிடும்: 32, 0, 32, 1, 106, 11. '32, 0' என்றால் முதல் எண்ணை அடுக்கில் வை. '32, 1' என்றால் இரண்டாவதை அதன்மேல் வை. 106 வந்ததும் மேலிருக்கும் இரண்டையும் எடுத்துக் கூட்டி விடையை வை. 11 வந்தால் முடிந்தது. மொத்தம் ஆறே பைட்டுகள்.

ஆனால் இன்டெல், ஆர்ம் சில்லுகள் எதற்கும் இந்த எண்கள் நேரடியாகப் புரியாது. இவை கற்பனைப் பொறி ஒன்றின் கட்டளைகள். கணினியில் இருக்கும் சில்லின் மொழிக்கு அவற்றைப் பெயர்ப்பது உலாவியின் வேலை. ஒருங்குசேர்ப்பு மொழியோ சில்லுக்குச் சில்லு மாறும், மனிதர் படிக்கும் எழுத்தாக இருக்கும். ஆகவே 'வலை ஒருங்குசேர்ப்பு' என்ற மொழிபெயர்ப்பு பெயருக்குப் பொருந்தினாலும் பொருளுக்குப் பொருந்தவில்லை.

என் தேர்வு 'வலைப் பொறிக்குறி'. தமிழில் 'பொறி' என்றால் இயந்திரம். 'பொறித்தல்' என்றால் எழுத்தைச் செதுக்குதல். எண்களாகப் பதித்த இயந்திரக் கட்டளைக்கு இந்த இரு பொருளும் வேண்டும். 'குறி'யை மட்டும் விட்டுவிடாதீர்கள்: 'வலைப்பொறி' என்றால் விலங்கு பிடிக்கும் கண்ணிதான் நினைவுக்கு வரும். உலாவிக்கு வெளியே, சர்வர்களிலும் இது ஓடுவதால் 'வலை' குறுகலாகத் தோன்றலாம். மூலப்பெயரிலும் அந்தக் குறை இருக்கிறது.

பயன்பாடு: 'பழைய சி++ நிரலை வலைப் பொறிக்குறியாகத் தொகுத்து உலாவியில் ஓட்டினோம்.'