அடுத்த 15 வோல்ட்

2009 ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குப் போகிறவர்கள், பாதை என்று நாங்கள் அழைக்கும் மிதவையில்தான் கடலைக் கடந்தார்கள். ஒரு நாள் பாதை புறப்பட்டதும், காக்கிச் சட்டை அணிந்த ஒருவர் எங்கள் எல்லோரையும் மற்றப் பக்கத்துக்கு மாறி நிற்கும்படி கையைக் காட்டினார். வெயில் நேரே முகத்தில் அடிக்கும் பக்கம் அது. பைகளையும் மீன்கூடைகளையும் தூக்கிக்கொண்டு, ஏன் என்று ஒருவர்கூடக் கேட்காமல் மாறினோம். அக்கரை சேர்ந்ததும் அவரும் எங்களைப் போலவே இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் பாதை ஊழியர் அல்லர், ஒரு பயணி.

சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி வளர்ந்த ஊர் எங்களுடையது. துப்பாக்கிக்கு முன்னால் கீழ்ப்படிவதற்கு உளவியல் விளக்கம் தேவையில்லை, அது அச்சம். தண்டிக்க எந்த வழியும் இல்லாத ஒருவருடைய சொல்லுக்கு ஏன் கட்டுப்படுகிறோம் என்பதே விளக்கம் வேண்டி நிற்கும் கேள்வி. சீருடையின் பங்கை உளவியலாளர் லெனர்ட் பிக்மன் நியூயோர்க் தெருக்களில் ஆராய்ந்து 1974 இல் வெளியிட்டார். காவலாளி உடையில் நின்று கேட்டபோது, சாதாரண உடையில் கேட்டதைவிட மிகக் கூடுதலானோர் சொன்னபடி செய்தார்கள். சொன்னவர் அவ்விடத்தை விட்டுப் போன பின்னரும் செய்தார்கள்.

ஆனால் சீருடை தொடக்கத்தை மட்டுமே விளக்குகிறது. ஒருவர் எவ்வளவு தூரம் போவார் என்பதை 1961 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய பரிசோதனைகள் காட்டின. பக்கத்து அறையில் இருப்பவர் விடையைப் பிழையாகச் சொல்லும் ஒவ்வொரு முறையும், பங்கேற்றவர் முன்னையதைவிட 15 வோல்ட் கூடிய மின்னதிர்ச்சியை அவருக்குக் கொடுக்க வேண்டும். மொத்தம் 30 ஆளிகள், கடைசி 450 வோல்ட். அதிர்ச்சி உண்மையில் யாருக்கும் போகவில்லை, ஆளியை அழுத்தியவருக்கு அது தெரியாது. ஆயிரத்தில் ஒருவரே இறுதிவரை போவார் என மனநல வைத்தியர்கள் முன்கூட்டியே கணித்திருந்தார்கள். 40 பேரில் 26 பேர் போனார்கள்.

இதில் என்னை மிகவும் உலுக்குவது அந்த 15 வோல்ட்தான். 285 கொடுத்தவர் 300 இல் நிறுத்தினால், 285 ஐ ஏன் கொடுத்தோம் என்று தனக்குத்தானே பதில் சொல்ல வேண்டி வரும். அடுத்த ஆளியை அழுத்திவிட்டால் அந்தக் கேள்வி எழாது. இப்படி ஒவ்வொரு படியும் முந்திய படிக்குச் சாட்சி சொல்லிக்கொண்டே ஏறுகிறது.

கீழ்ப்படிபவர் தன்னை இன்னொருவரின் விருப்பத்தை நிறைவேற்றும் கருவியாகக் காணத் தொடங்கி, பொறுப்பை மேலே ஒப்படைத்துவிடுகிறார் என்பது மில்கிராம் தந்த விளக்கம். அவர் இதை முகவர் நிலை என்றார். இது முழுவதும் சரியென்று எனக்குத் தோன்றவில்லை. பங்கேற்றவர்கள் வியர்த்தார்கள், நடுங்கினார்கள், 14 பேர் அடக்க முடியாமல் பதற்றச் சிரிப்புச் சிரித்தார்கள். பொறுப்பைக் கைகழுவிய மனம் அப்படித் தவிக்காது. விஞ்ஞானத்துக்கு உதவுகிறோம் என்ற நம்பிக்கையே அவர்களை நகர்த்தியது என்று உளவியலாளர்கள் அலெக்ஸ் ஹாஸ்லமும் ஸ்டீபன் ரைக்கரும் வாதிடுகிறார்கள். தயங்கியவர்களுக்குப் பரிசோதனையை நடத்தியவர் வரிசையாகச் சொன்ன நான்கு வசனங்கள் இதற்கு வலுச் சேர்க்கின்றன. "உங்களுக்கு வேறு வழியில்லை, தொடரத்தான் வேண்டும்" என்ற நான்காவது வசனமே அப்பட்டமான கட்டளை. உளவியலாளர் ஜெரி பேர்கர், 150 வோல்ட்டோடு நிறுத்தி, இப்பரிசோதனையை மீண்டும் நடத்தி 2009 இல் வெளியிட்ட ஆய்வில், அந்த வசனம் வரை போன எவரும் தொடரவில்லை.

மில்கிராமின் பரிசோதனைகளில், சூழல் மாறியபோது எண்ணிக்கையும் மாறியது. அதிர்ச்சி பெறுபவரின் கையைப் பிடித்து அதிர்ச்சி தரும் தட்டில் வைக்க வேண்டியிருந்தபோது இறுதிவரை போனவர்கள் 30 சதவீதம். பக்கத்தில் இருந்த இருவர் எழுந்து மறுத்தபோது 10 சதவீதம். அன்று பாதையில் ஒரு கிழவியாவது, "தம்பி, நீங்க ஆர்?" என்று கேட்டிருந்தால், நானும் கூடையைக் கீழே வைத்திருப்பேன்.

ஒல்லாந்திலிருந்து குடியேறிய ஒரு பொறியியலாளர் 255 வோல்ட்டில் நிறுத்தினார். வேறு வழியில்லை என்று சொல்லப்பட்டபோது, இருக்கிறது, என் விருப்பத்தில்தானே இங்கு வந்தேன் என்றார். அதுவரை கொடுத்தவற்றுக்கு யார் பொறுப்பு என்று பின்னர் கேட்டபோது, முழுவதையும் தன் தோளில் ஏற்றுக்கொண்டு, மற்றவர் முதன்முறை முறையிட்டபோதே தான் நிறுத்தியிருக்க வேண்டும் என்றார்.